ஏழு டிகிரிச் சாய்வு

இம்ப்ளாண்ட் பகுதியில் சேரும் பையன்களுக்கு முதல் வாரத்திலேயே வாயில் ஏறிவிடும் இரண்டு எண்கள் உண்டு: டில்ட் 7, ட்விஸ்ட் 22. சிலிக்கான் வேஃபரை அயனிக் கற்றைக்கு நேர் முகமாக நிறுத்தக் கூடாது. 7 டிகிரி சாய்த்து, பிறகு அதன் தளத்திலேயே 22 டிகிரி திருப்பி நிறுத்த வேண்டும். மெஷின் அதைத் தானே செய்துகொள்ளும். ரெசிபியில் அப்படி எழுதியிருக்கும். ஏன் என்று கேட்டால் சீனியர்கள், "சேனலிங் வரும்லா" என்று சொல்லிவிட்டு அடுத்த லாட்டைத் தூக்கப் போய்விடுவார்கள். அந்தச் சேனலிங்கைத் தடுப்பதற்காகச் சம்பளம் வாங்கியே என் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதுவதில் தப்பில்லை.

கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. மலேசியாவில் அந்த வகையில் முதலாவது அதுதான். சில்டெரா, இன்ஃபினியன் என்று வேஃபர் ஆலைகள் பின்னால் வந்தன. இன்ஃபினியன் திறந்தது 2006-இல். பாடாங் செராய், லூனாஸ், பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. லயத்து வீடுகளை விட்டுச் சுங்கைப்பட்டாணி தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகள் ஃபேக்டரி பஸ் ஏறினோம். ஜித்ரா பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்தவன் என்பதால் எனக்கு டெக்னீஷியன் வேலை. வீட்டில் பெரிய அதிசயமாக எதுவும் படவில்லை. தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுந்து பழகிய அம்மாவுக்கு, காலை ஷிஃப்ட் பஸ் ஐந்தே முக்காலுக்கு வருவது தாமதமாகத்தான் தெரிந்தது.

கூலிம் இருக்கும் கெடா மாநிலம் என்றால் நம்மவர்கள் உடனே கடாரம் என்பார்கள். பூஜாங் பள்ளத்தாக்கு, ராஜேந்திர சோழன், 1025 என்று மேடையில் முழங்குவார்கள். அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து கார் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் தூரத்தில், தோட்டத்துப் பிள்ளைகள் அணுக்களை எண்ணிச் சிலிக்கானுக்குள் புதைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பேச இதுவரை ஒரு மேடையும் கூடியதாகத் தெரியவில்லை.

எண்ணி என்று சொன்னது மிகையில்லை. சுத்தமான சிலிக்கான் மின்சாரத்தை ஒழுங்காகக் கடத்தாது. அதில் போரான், பாஸ்பரஸ், ஆர்செனிக் அணுக்களை வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு கலந்தால்தான் டிரான்சிஸ்டர் ஆகும். முன்பு உலையில் வைத்து ஊற விடுவார்கள். அயனிகளை வேகமாகச் சுட்டே உள்ளே செலுத்தலாம் என்று வில்லியம் ஷாக்லி 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1957-இல் கிடைத்தது. அயனிக்கு மின்னூட்டம் இருப்பதால் கற்றையை மின்னோட்டமாக அளந்துவிடலாம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கோடி அணு விழுந்தது என்று ஃபாரடே கிண்ணம் சொல்லிவிடும். ஆழத்தை வோல்டேஜ் தீர்மானிக்கும். ஒரு லட்சம் வோல்ட்டில் முடுக்கிய போரான் அயனி வினாடிக்குச் சுமார் 1,300 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, மைக்ரானில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் கூடப் போகாமல் நின்றுவிடும். நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால்தான் எங்களுக்கு வேலை.

ரப்பர் தோட்டத்தை ஒட்டி லோரியிலோ பஸ்ஸிலோ போனவர்களுக்கு அயனி எப்படி நிற்காமல் ஓடும் என்பது சொல்லாமலே புரியும். பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு போனால் மரங்கள் கலைந்து, அடர்ந்து, காடாகத் தெரியும். வண்டி ஓரிடத்துக்கு வந்ததும் திடீரென்று நிரை திறக்கும். அடுத்த எல்லை வரை கண் நேராகப் போகும். இரண்டடி தள்ளினால் மூடிக்கொள்ளும். பால் மரத்தில் நிரை நேராக ஒரு பக்கம் நன்றாகத் திறக்கும். முக்கோணமாக நடும் செம்பனையில் மூன்று திசைகளில் திறக்கும். சிலிக்கான் படிகமும் அப்படி நிரை பிடித்து நட்ட அணுக்கள்தான், நடவு இடைவெளி மட்டும் நானோமீட்டரில். அந்தத் திறப்பு பார்த்து ஓர் அயனி நுழைந்துவிட்டால் இரு பக்கத்து அணுக்களும் அதை மெல்ல நடுவுக்கே தள்ளிக்கொண்டிருக்கும். நேர் மோதல் இல்லை, அதனால் வேகம் அவ்வளவு சீக்கிரம் குறையாது. கணக்குப் போட்ட ஆழத்தைத் தாண்டி இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கும் மேலே போய்த்தான் நிற்கும். சேனலிங் என்பது இதுதான். நாங்கள் 7 டிகிரி சாய்ப்பது, கற்றையின் கண்ணுக்குப் படிகம் கலைந்த காடாகத் தெரிவதற்காக.

ஜெர்மன்காரர் யோஹான்னஸ் ஸ்டார்க் 1912-லேயே இப்படி நடக்கலாம் என்று ஊகித்திருக்கிறார். பிறகு ஐம்பது வருடம் அது யார் நினைவிலும் இல்லை. 1963 வாக்கில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் ராபின்சனும் ஓயனும் கணினியில் படிகம் ஒன்றைக் கட்டி, அதற்குள் அயனிகளை ஓட விட்டுப் பார்த்தார்கள். சில அயனிகள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தன. நிரைக்குள் புகுந்தவை அவை. 1965-இல் டென்மார்க்கின் யென்ஸ் லிண்ட்ஹார்ட் எந்தக் கோணத்துக்குள் வந்தால் அயனி மாட்டிக்கொள்ளும் என்று சூத்திரமே எழுதிவிட்டார். எங்கள் சக்தி அளவில் அந்தக் கோணம் சில டிகிரிதான்.

மெஷினைப் பற்றிச் சொல்லாவிட்டால் கூட வேலை பார்த்தவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். இரண்டு கார் நிறுத்தும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் இரும்புக் கூண்டு அது. ஒரு கோடியில் சோர்ஸ். டங்ஸ்டன் இழை சூடேறி, உள்ளே விடும் வாயுவை அயனியாக்கும் சின்னப் பெட்டி. அங்கிருந்து உயர் வோல்டேஜ் கற்றையை இழுக்கும். பெரிய காந்தம் அதை வளைத்து, எடை தவறியவற்றைச் சுவரில் மோத விட்டு, வேண்டிய அயனியை மட்டும் பிளவு வழியே அனுப்பும். கற்றையைக் கண்ணால் பார்க்க முடியாது. மெஷின் ஓடும்போது கேட்பதெல்லாம் பம்புகளின் இரைச்சல்தான்.

சோர்ஸ் மாற்றுவதுதான் எங்கள் சாதிக்கு அடையாளமான வேலை. சில நூறு மணி நேரம் ஓடியதும் இழை தேய்ந்துவிடும். வெற்றிடத்தை உடைத்து, முகமூடியும் இரட்டைக் கையுறையும் போட்டு, புகைக் கூண்டுக்குள் வைத்துப் பிரிக்க வேண்டும். உள்சுவர் முழுக்கப் படிவு. ஆர்செனிக் ஓடிய மெஷின் என்றால் அந்தக் கரும்பொடி விஷம். பாஸ்பரஸ் ஓடியது என்றால் சுரண்டும்போது பொறி தட்டும். ஓரத்தில் சின்னதாகப் பற்றிக்கொண்டு வெண்புகை விடும். பழகினவன் பதற மாட்டான், மூடியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பான். பூண்டு வாடை அடித்தால் மட்டும் உடனே வெளியே வந்துவிட வேண்டும். பாஸ்பீன் வாயுவுக்கு அந்த வாடை உண்டு.

மாதம் ஒருமுறை வரும் வி-கர்வ் சோதனை எனக்குப் பிடித்தது. மெஷின் திரையில் டில்ட் 0 என்று காட்டுவது உண்மையில் படிகத்தின் 0 தானா என்று பார்ப்பது. வேஃபரைத் தாங்கும் பலகை ஒரு மயிரிழை சாய்ந்திருக்கலாம், கற்றையே கொஞ்சம் வளைந்து வரலாம். ஆகவே வெறும் வேஃபர்களை எடுத்து ஒவ்வொன்றையும் அரை டிகிரி வித்தியாசத்தில், மைனஸ் பக்கத்திலிருந்து பிளஸ் பக்கம் வரை, ஒரே அளவு சுட வேண்டும். பிறகு தெர்மாவேவ் கருவியில் வைத்தால் லேசரால் தொட்டுப் பார்த்து, படிகம் எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று எண் கொடுக்கும். அயனி நிரைக்குள் ஓடியிருந்தால் மோதல் குறைவு, சிதைவும் குறைவு, எண் இறங்கும். சாயச் சாய இரண்டு பக்கமும் ஏறும். வரைபடத்தில் அந்த வி எழுத்தின் அடிமுனை எங்கே விழுகிறதோ அதுதான் உண்மையான 0. திரை 0 என்று சொல்லும், முனை 0.3-இல் உட்கார்ந்திருக்கும். பலகையின் திருகைப் பிடித்து அதைச் சரி செய்து, மறுபடி சுட்டு, முனை நேராக வந்து நிற்பதைப் பார்ப்பதில் ஒரு திருப்தி உண்டு. அணுக்களின் நிரையைக் காட்டும் அந்தப் படத்தில் அணு ஒன்றுகூட இருக்காது. எட்டு பத்துப் புள்ளிகளும் ஒரு கோடும்தான்.

அந்தப் படத்தை வாசிக்கத் தெரிந்திருந்தது ஒருமுறை எங்களைக் காப்பாற்றியது. ஒரு தயாரிப்பில் மின்சோதனை மதிப்புகள் விசித்திரமாக வர ஆரம்பித்தன. வேஃபரின் நடுவில் ஒரு பட்டை, மேலிருந்து கீழாக, ஒரு மதிப்பு. இரண்டு ஓரங்களிலும் வேறு. வட்டமாக வந்திருந்தால் உலை என்று சொல்லிவிடலாம், பட்டை என்பதால் எல்லோரும் குழம்பினார்கள். உலைக்காரர்கள் லித்தோ என்றார்கள், லித்தோக்காரர்கள் எட்ச் என்றார்கள். கூட்டம் மேல் கூட்டம். ஒரு நைட் ஷிஃப்ட்டில் லூனாஸ்காரர் ஒரு அக்கா, எங்கள் பகுதி ஆப்பரேட்டர், படங்களை மேசையில் வரிசையாகப் போட்டுக்கொண்டு கூப்பிட்டார்.

"தம்பி, இங்க வாயேன். இந்த லாட்ல கோடு நாட்ச் பக்கமா ஓடுது. இந்த லாட்ல குறுக்க கெடக்குது. ரெண்டும் ஒரே ஒலையிலதான் வெந்துச்சு."

நாட்ச் என்பது வேஃபர் ஓரத்தில் திசை காட்டும் சின்ன வெட்டு. இரண்டு லாட்டுக்கும் ரெசிபியில் ட்விஸ்ட் வேறு வேறு. வேஃபரைத் திருப்பி வைத்தால் பட்டையும் திரும்புகிறது என்றால், குற்றவாளி எங்கள் மெஷின்தான். ஆழமான கிணறு போடும் உயர்சக்தி மெஷின் அது. ஒரு பெரிய வட்டில் பத்துக்கு மேற்பட்ட வேஃபர்களை அடுக்கி, நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றவிட்டுச் சுடும். சுற்றும் வேகத்தில் வேஃபர் பறந்துவிடாமல் அழுந்தி உட்காருவதற்காக ஒவ்வொரு இருக்கையும் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வின் விலை என்னவென்றால், வட்டு சுற்றும்போது வேஃபரின் ஒரு ஓரம் கற்றையைச் சந்திக்கும் கோணமும் நடுப்பகுதி சந்திக்கும் கோணமும் ஒரு டிகிரி அளவுக்கு மாறிவிடும். 7 டிகிரியில் இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இந்த ரெசிபி 0 டிகிரி. வேஃபர் மேல் பூசிய தடிமனான ரெசிஸ்ட் சுவர் நிழல் விழுத்தும் என்பதால் நேராகச் சுடச் சொல்லியிருந்தார்கள். ஆக நடுப்பட்டையில் நிரை திறந்து கிடந்தது, ஓரங்களில் பாதி மூடியிருந்தது. வெறும் வேஃபரைச் சுட்டுத் தெர்மாவேவில் போட்டதும் அதே பட்டை அச்சாக வந்தது.

ரெசிபியைச் சில டிகிரி சாய்த்து, நிழலுக்கு இடம் கொடுத்து, மறு ஒப்புதல் வாங்கி ஓட்டினோம். பிற்பாடு அந்த அடுக்கையே ஒற்றை வேஃபர் மெஷினுக்கு மாற்றிவிட்டார்கள். காரணத்தை விளக்கிய பவர்பாயின்டில் எஞ்சினியர் இரண்டு பேர் பெயர் இருந்தது. அக்காவின் பெயர் இல்லை, என்னுடையதும் இல்லை. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

கதிர்வீச்சைப் பற்றிக் கேட்காத உறவினர் கிடையாது. மெஷின் கதவில் மஞ்சள் முக்கோணம் ஒட்டியிருக்கும், சட்டைப் பையில் பேட்ஜ் தொங்கும். அம்மாவின் அந்தத் தலைமுறைக்குக் கதிர்வீச்சு என்றாலே பேராக்கின் புக்கிட் மேராதான். அரிய மண் ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்து அந்த ஊர்க்காரர்கள் 1985-இல் வழக்குப் போட்டது பத்திரிகைகளில் ஓடிக்கொண்டே இருந்தது. "ஏம்ப்பா, அந்த மிஷினு பக்கத்துல நிக்கிறியே, ஒடம்புக்கு ஒன்னும் ஆவாதா?" என்று அம்மா கேட்டதற்கு, எங்களிடம் தோரியம் போல் எதுவும் இல்லை, சுவிட்சை அணைத்தால் கதிரும் அணைந்துவிடும் என்றேன். நம்பினாரா தெரியாது.

அது உண்மைதான். மெஷினில் கதிரியக்கப் பொருள் எதுவும் கிடையாது. அயனிகள் போய் மோதுமிடத்தில் எலக்ட்ரான்கள் தெறிக்கும். அயனி நேர் மின்னூட்டம், எலக்ட்ரான் எதிர் மின்னூட்டம். ஆகவே அயனியைத் தள்ளிய அதே வோல்டேஜ் இந்த எலக்ட்ரான்களைப் பின்பக்கமாக, சோர்ஸ் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். லட்சம் வோல்ட் வேகத்தில் உலோகத்தில் முட்டி நிற்கும்போது எக்ஸ்ரே வரும். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே குழாயில் வேண்டுமென்றே செய்வதுதான், எங்கள் மெஷினில் வேண்டாமலே நடக்கிறது. அதனால் கூண்டுச் சுவர்களில் காரீயத் தகடு. கதவைத் திறந்தால் வோல்டேஜ் விழுந்துவிடும். வெற்றிடம் கெட்டால் எலக்ட்ரான் கூடும், எக்ஸ்ரேயும் கூடும். காரீயப் பலகையைக் கழற்றி மாட்டிய பிறகு மூலை மூலையாக சர்வே மீட்டரைப் பிடித்துப் பார்க்காமல் மெஷினைத் திருப்பித் தரக் கூடாது. 1984-ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் உரிமம், பொறுப்புக்கு ஒரு கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி, ஊழியருக்கு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் உச்சவரம்பு. எங்கள் பேட்ஜ் அறிக்கைகளில் பார்த்தது எல்லாம் பின்னணி அளவுதான். அந்தப் பேட்ஜுக்குள் இருப்பதும் படிகம். லித்தியம் ஃபுளோரைடு வகையில் வாங்கிய கதிரைச் சேர்த்து வைத்துக்கொண்டு, சூடாக்கினால் அதற்கேற்ப ஒளி விடும்.

அந்த அதிகாரிப் பயிற்சிக்காகப் பாங்கியில் உள்ள மலேசிய அணுசக்தி முகமைக்குப் போனேன். அங்கே 1982-இலிருந்து இயங்கும் ட்ரிகா ஆராய்ச்சி உலை இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் நீல வெளிச்சம். தண்ணீரில் ஒளியின் வேகம் முக்கால் பங்காகக் குறைந்துவிடும். உலையிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான் அதையும் முந்தி ஓடும்போது விடும் ஒளி அது, செரன்கோவ் 1934-இல் கண்டது. வேகமாக ஓடும் மின்துகள் ஒரு பொருளுக்குள் போனால் ஒளி விடும் என்று படித்தது வேறு, குனிந்து பார்த்தது வேறு. தேநீர் இடைவேளையில் பாடம் நடத்தியவரிடம் கேட்டேன்: எங்கள் அயனி படிகத்து நிரைக்குள் ஓடுகிறதே, அது ஏன் ஒளி விடுவதில்லை?

உங்கள் அயனி ரொம்பக் கனம், ரொம்ப மெதுவு என்றார். வினாடிக்கு 1,300 கிலோமீட்டர் மெதுவா என்று நினைத்துக்கொண்டேன். ஒளி வேகத்தில் அரை சதவீதம்கூட இல்லை என்பது கணக்குப் போட்டால்தான் உறைக்கிறது. அதே நிரைக்குள் ஒளியை நெருங்கும் வேகத்தில் எலக்ட்ரானையோ பாசிட்ரானையோ அனுப்பினால் கதை மாறும். பாசிட்ரான் இரு வரிசைக்கும் நடுவில் இப்படியும் அப்படியும் அலைந்துகொண்டு போகும். எலக்ட்ரான் அணு வரிசையையே சுற்றி ஊசலாடும். திசை திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒளி விடும். துகள் தன் ஒளியையே துரத்திக்கொண்டு முன்னால் பாய்வதால் அலைகள் நெருங்கி, கண்ணுக்குத் தெரிய வேண்டிய ஒளி எக்ஸ்ரேயாக, காமாவாக மாறி, ஒரே திசையில் குறுகலாக வெளியேறும். சோவியத் பௌதிகர் குமாகோவ் 1976-இல் இதைக் கணித்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சோதனையில் பார்த்துவிட்டார்கள். உலோகத்தில் முட்டி வரும் எக்ஸ்ரே எல்லா அலைநீளத்திலும் சிதறி வரும். இதில் படிகத்தையும் துகளின் சக்தியையும் மாற்றி வேண்டிய நிறத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம். இதற்கு அண்ணன் முறையான இன்னொன்றை, படிகத்தின் ஒழுங்கால் காமாக் கதிர் கூர்மையாவதை, அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகத்தில் மெல்லிய வைரத் தகட்டைக் கொண்டு தினசரி வேலையாகவே பயன்படுத்துகிறார்கள். ஜெனீவாவின் செர்னில், 4 மில்லிமீட்டர் நீளச் சிலிக்கானைச் சற்றே வளைத்து, அதன் நிரையோடு துகள்களும் வளைந்து போகும்படி செய்கிறார்கள். அந்தத் துணுக்கு செய்யும் வேலையைக் காந்தத்தால் செய்ய 300 டெஸ்லா வேண்டும்.

இப்போது நான் ஆலையில் இல்லை. இந்த மெஷின்களைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் புதியவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். கூலிமில் பேச்செல்லாம் சிலிக்கான் கார்பைடு. இன்ஃபினியன் இங்குள்ள தன் மூன்றாவது ஆலையை அதற்காக 2024 ஆகஸ்டில் திறந்தது. மின்சாரக் கார்களுக்கும் சூரிய மின் நிலையங்களுக்குமான சில்லு அது. கார்பைடில் அலுமினிய அயனியைச் சுடுவதற்கு வேஃபரையே 500 டிகிரி அளவுக்குச் சூடாக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் படிகம் சிதைந்துவிடும். சுட்ட அணு பிறகு உலையில் 1,600 டிகிரிக்கு மேல் கொண்டுபோனாலும் இடம் நகராது. ஆழமாகப் போக வேண்டும் என்றால் சுடும்போதே போயாக வேண்டும், அதற்குச் சக்தியை ஏற்றினால் செலவு எகிறும். ஆகவே இப்போது ஆராய்ச்சிக்காரர்கள் நிரையைத் தேடிப் பிடிக்கிறார்கள். கார்பைடு வேஃபர் 4 டிகிரி சரிவாக அறுக்கப்பட்டு வருவதால், அதே 4 டிகிரி சாய்த்து நிரைக்கு நேராகச் சுட்டால், அதே சக்தியில் பல மடங்கு ஆழம். வாழ்நாள் முழுக்க மூட முயன்ற கதவை இவர்கள் கொக்கி போட்டுத் திறந்து வைக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. கோணம் பத்தில் ஒரு டிகிரிக்குள் நிற்க வேண்டும் என்பதால் வி-கர்வ் தெரிந்தவனுக்கு மவுசு கூடியிருக்கிறது.

போன மாதம் கேன்டீனில் பாடாங் செராய்க்காரப் பெண் ஒருத்தி, இருபத்திரண்டு வயது இருக்கும், குமாகோவ் கதையைக் கேட்டுவிட்டு டிஷ்யூ பேப்பரில் கணக்குப் போட ஆரம்பித்தாள். நல்ல எக்ஸ்ரே கிடைக்க எலக்ட்ரானுக்கு ஐந்து கோடி எலக்ட்ரான் வோல்ட்டாவது வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். நாங்கள் பழகும் மெஷின் இரண்டு லட்சம் வோல்ட். வகுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அங்கிள், இருநூத்தி அம்பது மெஷின வரிசையா வெக்கணும். கரண்டு பில்லு யாரு கட்டுறது?"